தாமாக முன்வந்தார்

லோகநாயகி கணவரின் சட்டைப் பையைச் சோதிப்பவள் அல்லள். துவைப்பதற்கு முன் காலி செய்பவள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவள் இருபத்தாறு ஆண்டுகளாகக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தாள். அத்தனை ஆண்டுகளிலும் அந்தப் பையிலிருந்து பேருந்துச் சீட்டும் முந்திரிக்கொட்டைத் தோலும் தவிர வேறொன்றும் அகப்பட்டதில்லை. அதற்காக அவள் காலி செய்வதை ஒரு நாளும் கைவிட்டதுமில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, அந்த விடாமுயற்சிக்குப் பலன் கிடைத்தது. நான்காக மடித்த மஞ்சள் சீட்டு ஒன்று. முதல் வரியில் 'பல் வழி நலம் திட்டம், கடலூர் மையம்' என்றிருந்தது. இரண்டாம் வரியில் 'எச்.ஐ.வி. பரிசோதனை'. மூன்றாம் வரியில் 'தொற்று இல்லை'. நான்காம் வரி அச்சன்று. ஊதா மையில் குத்திய முத்திரை.

'பயனாளி தாமாக முன்வந்தார்.'

பயனாளி சுப்பராயலு அப்போது கூடத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கிடங்கில் எடை போடுபவர் அவர். நாள்தோறும் கடலூரிலிருந்து பேருந்தில் போய் வருபவர். ஒரு மாதமாகப் படுத்திய கடைவாய்ப் பல்லை முந்தைய நாள்தான் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"இது என்னாங்க?"

"பல்லு புடுங்குன சீட்டு."

"பல்லுன்னு இதுல எங்க இருக்கு?"

"மேல இருக்கு பாரு. பல் வழி."

"வழி எல்லாம் எனக்கும் தெரியுது. எச்.ஐ.வி.ன்னு இருக்கே, அது என்னா?"

சுப்பராயலு வாயிலிருந்த பஞ்சை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். "அங்க எல்லாரையும் கேக்குறாங்களாம் லோகா. பாத்துக்கிறீங்களான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. சரின்னேன். விரல்ல குத்துனாங்க."

"பல்லு வாயில இருக்கு. விரல்ல என்னா வேலை?"

"எனக்கு என்னா தெரியும்? டாக்டருங்க."

"அவுங்க கேட்டாங்கன்னா, 'தாமாக முன்வந்தார்'னு ஏன் போட்டிருக்கு?"

"அதை அவுங்களா குத்திக்கிட்டாங்க."

லோகநாயகி சீட்டை நீவி மேசைமேல் வைத்தாள். குரலை உயர்த்தாமல் பேசினாள். உயர்த்தாத குரலே அந்த வீட்டில் அபாய அறிவிப்பு.

"ரேஷன் கடையில நிக்கச் சொன்னா நாலு பேருக்குப் பின்னால போயி நிப்பீங்க. கல்யாண வீட்டுல பந்திக்கு நான் கையப் புடிச்சு இழுக்கணும். பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்க அண்ணந்தான் பேசுனாரு. இருபத்தாறு வருசத்துல எதுக்குமே முன்வராத மனுசன், இதுக்கு மட்டும் முன்வந்தீங்களா?"

"அதான் நோயி இல்லேன்னு போட்டிருக்கே."

"நோயி இல்லைங்கிறது சந்தோசம். இருக்குமோன்னு ஏன் நெனச்சீங்க?"

இந்தக் கேள்விக்குச் சுப்பராயலுவிடம் விடையில்லை. ஏனெனில் அவர் எதையும் நினைத்திருக்கவில்லை. ஆனால், நினைக்காத ஒருவனுடைய மௌனமும் நினைத்துவிட்டு மறைப்பவனுடைய மௌனமும் கேட்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும்.

லோகநாயகியின் உள்ளத்தில் அக்கணமே ஒரு பெயர் எழுந்தது: அமிர்தம். முந்திரிக் கிடங்கில் பருப்பைத் தரம் பிரிப்பவள், கணவனை இழந்தவள், பண்ருட்டியிலேயே வீடு. ஈராண்டுக்கு முன் ஒரு ஞாயிறன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுப்பராயலு, "அமிர்தம் கொண்டாந்த நண்டுக் குழம்பு..." என்று தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்து, மீதியை விழுங்கிவிட்டார். எழுவாய் வந்துவிட்டது, பயனிலை வரவில்லை. அந்தப் பயனிலையை லோகநாயகி ஈராண்டுகளாக விதவிதமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட மோசமான பயனிலையே பொருந்தியது.

"எல்லாரையும் கேக்குறாங்கதானே?" என்றாள் முடிவாக. "சரி. கேக்குறாங்களான்னு நானே போயிப் பாக்குறேன்."

மறுநாள் காலை மஞ்சக்குப்பத்தில் அந்த மையத்தைக் கண்டுபிடித்தாள். 'பல் சிகிச்சை சேவை மையம்' என்று பலகை தொங்கியது. வலி மிக வேண்டிய இடத்தில் எழுதியவர் மிகவிடாமல் விட்டிருந்தார்; அந்தக் குறையை உள்ளே காத்திருந்தவர்கள் ஈடு செய்துகொண்டிருந்தனர்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. அதன்பின் ஆலோசகர் ஜோதி மேரி அமர்ந்திருந்தாள். படி ஏறுவோர் தலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க அவள் அவ்வப்போது "குனிங்க, குனிங்க" என்று குரல் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தரங்கமாகப் பேசுவதற்கென்று ஒரு திரைச்சீலை வழங்கப்பட்டிருந்தது. கம்பி வழங்கப்படாததால் அது மடித்து மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அந்த ஊதா முத்திரை.

லோகநாயகி டோக்கன் வாங்கிக்கொண்டு, மேசை நன்கு தெரியும் இடமாகப் பார்த்து அமர்ந்தாள்.

முதலில் குடையும் கையுமாக ஒரு முதியவர் வந்தார். ஜோதி மேரி கேட்டாள்; அவர் கேள்வி முடியுமுன் தலையாட்டினார். முத்திரை விழுந்தது. அடுத்து, பெரிய மீசையும் இரண்டு கைப்பேசிகளும் வைத்திருந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். ஜோதி மேரி நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள போங்க சார்" என்றாள். கேட்கவில்லை. லோகநாயகி இதைக் குறித்துக்கொண்டாள்.

மூன்றாவதாக வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்கவர். பெயர் யாகப்பன், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அவர் உட்காரவே இல்லை.

"சிஸ்டர், அந்த டெஸ்ட் எடுக்கணும்."

"என்னா பல்லு?"

"பல்லு ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். மாதா கோயில்ல கல்யாண ஓலையும் வாசிச்சாச்சு. அதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கிட்டா மனசுக்கு நிம்மதி."

ஜோதி மேரி குரலைத் தாழ்த்தினாள். "பல்லு பேஷன்ட்டுக்கு மட்டுந்தாண்ணா இங்க. பெரியாஸ்பத்திரியில நம்பிக்கை மையம் இருக்கு. அங்க யாரு போனாலும் செய்வாங்க."

"அங்க எங்க சித்தி மவன் வேல பாக்குறான். பொழுது சாயறதுக்குள்ள ஊரே பேசும். எந்தப் பல்லு வலிச்சா இங்க செய்வீங்க, சொல்லுங்க. அந்தப் பல்லு வலிக்குது."

சட்டம் அதற்கு இடம் தந்தது. யாகப்பன் உள்ளே அனுப்பப்பட்டார். பல் மருத்துவர் ராபர்ட் நேர்மையானவர். முப்பத்திரண்டு பற்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். 'பற்கள் மிக நன்று. பயனாளி ஆகத் தகுதி இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார். "ஏதாவது சொத்தை விழுந்தா உடனே வாங்க" என்று தோளில் தட்டியும் அனுப்பினார். தகுதியற்ற அந்த மனிதர் கேழ்வரகு மூட்டையைத் தொலைத்தவர்போல வாசலில் சிறிது நேரம் நின்றார்.

அடுத்து லோகநாயகி.

வலிக்காத பல் ஒன்றை வலிப்பதாகச் சொல்வதென்று அவள் தீர்மானித்திருந்தாள். மேசையருகே போய் நின்றாள். மாடிப்படியில் தலை இடிக்காமல் குனிந்தாள். முகத்தை நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டாள். ஜோதி மேரி அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள போங்கம்மா."

"வேற எதுவும் கேக்கணுமா?"

"இல்லம்மா. டாக்டர் பாப்பாரு."

டாக்டர் பார்த்தார். பொய்யாகச் சொன்ன வலிக்கு மெய்யான சொத்தைகள் இரண்டு கிடைத்தன. அவை அவளை வருத்தவில்லை. பயனாளி ஆவதற்கான தகுதி முழுமையாக இருந்தும் அவளை யாரும் கேட்கவில்லை. அதுதான் சுட்டது.

திரும்பி வந்து மேசைமுன் நின்றாள். "ஏம்மா, எல்லாரையும் கேப்பீங்களாமே. என்னை ஏன் கேக்கல?"

"உங்களப் பாத்தாலே தெரியுதேம்மா."

"என்னா தெரியுது?"

ஜோதி மேரி புன்னகை செய்தாள்.

"சரி. நேத்து முந்தாநாளு ஒருத்தரு வந்தாரு. சுப்பராயலுன்னு பேரு. ஒல்லியா, வெள்ளைச் சட்டை. அவரப் பாத்தப்ப என்னா தெரிஞ்சுது?"

புன்னகை மறைந்தது. "அவரு யாரும்மா உங்களுக்கு?"

"அதை நான் முடிவு பண்ணிக்கிட்டிருக்கேன்."

முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்பது இப்போது உறுதியாயிற்று. இருபத்தாறு ஆண்டுகளாக அவள் பார்த்துப் பழகிய முகத்தில், அவளுக்குப் புலப்படாத ஒன்று, மாடிப்படிக்குக் கீழே அமர்ந்திருக்கும் இந்தப் பெண்ணுக்கு ஒரே பார்வையில் புலப்பட்டிருக்கிறது. அமிர்தத்துக்குப் புலப்பட எத்தனை நாள் ஆகியிருக்கும்? அவள்தான் நாள் முழுதும் பார்த்துக்கொண்டே பருப்பைப் பிரிக்கிறாளே.

"இந்த முத்திரைய அடிச்சிட்டு 'கேட்டதால் செய்தார்'னு எழுதிக் குடும்மா."

"அப்படி எழுத எடமே இல்லம்மா. ரிஜிஸ்தர்ல ஒரு கட்டந்தான் இருக்கு. மாத்தணும்னா திட்ட அலுவலரைத்தான் கேக்கணும். நாளைக்குச் சிதம்பரத்துல ஆண்டுக் கூட்டம், நாங்களும் போறோம்." கொஞ்சம் தயங்கி, "அவரு ரொம்ப நல்ல மாதிரி மனுசரும்மா" என்றாள்.

எவரைச் சொன்னாள் என்று லோகநாயகி கேட்கவில்லை. இன்னொரு பெண் தன் கணவரை நல்ல மாதிரி என்பதை அவள் அன்றைக்குக் கேட்கும் மனநிலையில் இல்லை.

முன்வந்தார் என்பது தன்வினை. முன்வரச் செய்தனர் என்பது பிறவினை. ஒரு பெண்ணின் இல்வாழ்க்கை இவ்விரண்டுக்கும் இடையே தொங்கிக்கொண்டிருக்க, திட்டத்தின் பதிவேட்டில் பிறவினைக்குக் கட்டம் போட மறந்திருந்தார்கள்.

சனிக்கிழமை சிதம்பரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் அந்த ஆண்டுக் கூட்டம் நடந்தது. முந்தைய முகூர்த்தத்தின் அலங்காரம் கலைக்கப்படவில்லை. மணமக்களுக்கான சிவப்பு மெத்தை நாற்காலிகளில் ஒன்றில் திட்ட அலுவலர் கண்ணாயிரம் அமர்ந்திருந்தார். மற்றொன்றில் வெற்றிக் கேடயம் அமர்ந்திருந்தது. இருவருக்கும் மாலை போடப்பட்டிருந்தது.

லோகநாயகி கடைசி வரிசையில் இடம் பிடித்தாள். கண்ணாயிரம் ஒலிபெருக்கியின் முன் எழுந்தார்.

"நண்பர்களே! நம் திட்டத்தில் கட்டாயம் என்பது அறவே கிடையாது. அதனால்தான், இந்த ஆண்டு ஒவ்வொரு மையத்திலும் முந்நூறு பேர் கட்டாயம் தாமாக முன்வர வேண்டும் என்று ஜனவரியிலேயே ஆணை பிறப்பித்தேன்."

கைதட்டல்.

"நாம் கேட்டபின் சம்மதிப்பவர் அரைப் பயனாளி. தாமாக முன்வருபவர் முழுப் பயனாளி. இந்தக் கணக்கு முறையை நான் பிப்ரவரியில் அறிமுகம் செய்தேன். ஒரே வாரத்தில் மாவட்டத்தில் அரைப் பயனாளிகள் அடியோடு ஒழிந்தனர். நோயை ஒழிக்க இன்னும் சிறிது காலம் ஆகலாம்."

மீண்டும் கைதட்டல்.

"கடலூர் மையம் முந்நூற்றுப் பன்னிரண்டு. சிதம்பரம் மையம் முந்நூற்றுப் பதின்மூன்று. கேடயம் சிதம்பரத்துக்கே! ஒரே ஒருவர், நண்பர்களே! கடலூரில் அந்த ஒருவர் ஏன் முன்வரவில்லை? பற்கள் இல்லாத ஊரா அது?"

கேடயம் சிதம்பரத்தாரின் கைக்குப் போனது. முன்வரிசையில் மருத்துவர் ராபர்ட் அதைப் பார்த்த பார்வை, தன் வீட்டுக்கு நிச்சயித்த மருமகளை எதிர் வீட்டு வாசலில் கோலம் போடக் கண்டவரின் பார்வையாக இருந்தது. நேர்மையாகத் தட்டிப் பார்த்த முப்பத்திரண்டு பற்கள் அவர் மனக்கண்ணில் வரிசையாக வந்து போயிருக்க வேண்டும். அந்தப் பார்வையின் சூட்டை லோகநாயகி அறிவாள். இரண்டு நாளாக அவள் அதிலேதான் வெந்துகொண்டிருந்தாள்.

அவள் எழுந்தாள். "ஐயா, கடலூர்லேருந்து வந்திருக்கேன். ஒண்ணு கேக்கணும்."

"வந்துவிட்டார்!" என்று கண்ணாயிரம் கூவினார். "கடலூரின் அந்த ஒருவர் வந்துவிட்டார்! வாருங்கள் அம்மா, மேடைக்கு வாருங்கள். தாமாக முன்வரும் குடும்பத் தலைவிக்கு ஒரு சால்வை!"

அவள் மறுப்பதற்குள் சால்வை தோளில் விழுந்தது. உடனே கடலூராரும் சிதம்பரத்தாரும் அவள் யார் கணக்கில் சேர வேண்டும் என்று வாதிடத் தொடங்கினர். முன்வந்த ஊர் சிதம்பரம் என்றனர் சிதம்பரத்தார். சொத்தை கண்டுபிடித்த ஊர் கடலூர் என்றார் ராபர்ட். ஒரு கையை இவர்களும் மறு கையை அவர்களும் பிடித்தனர். லோகநாயகி இரண்டு கைகளையும் உருவிக்கொண்டு ஒலிபெருக்கியைப் பற்றினாள்.

"நான் எதுக்கும் முன்வரல. என் வீட்டுக்காரரு பல்லு புடுங்க வந்தாரு. அவரக் கேட்டீங்க. நானும் வந்தேன், என்னைக் கேக்கல. அவரு மூஞ்சில என்னா இருந்துச்சு, என் மூஞ்சில என்னா இல்ல? அத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

கண்ணாயிரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்ல கேள்வி. தோற்றத்தைக் கண்டு யாரையும் சந்தேகிக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. எனவே சந்தேகம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஆனால் ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் மூன்று பக்கப் படிவம் நிரப்ப வேண்டும்; ஊழியர்களுக்கு அதற்கு நேரமில்லை. ஆகவே, முகத்தைப் பார்த்ததும் யார் மறுக்கத் தெரியாதவரோ, அவரை மட்டும் கேட்குமாறு சொல்லியிருக்கிறேன். உங்கள் கணவரிடம் அந்தத் தகுதி நிரம்ப இருந்திருக்கிறது. பெருமைப்படுங்கள்! உங்களை ஏன் கேட்கவில்லை என்பது, அம்மா, நீங்கள் ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கும் விதத்திலேயே எங்கள் அனைவருக்கும் விளங்குகிறது."

லோகநாயகிக்கும் விளங்கியது. அவளது நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்தது. ஆனாலும் கையிலிருந்த ஒலிபெருக்கியை விட மனம் வரவில்லை.

"நேத்து ஒரு புள்ள, வேணும் வேணும்னு தானா வந்துச்சு. பல்லு நல்லா இருக்குன்னு தொரத்திட்டீங்களே?"

"அறிவேன். அறிக்கை வந்தது," என்றார் கண்ணாயிரம் வருத்தத்துடன். "அந்த இளைஞர் மெய்யாகவே தாமாக முன்வந்தவர். அவரைச் சேர்த்துக்கொண்டால், மற்ற அறுநூற்று இருபத்தைந்து பேரும் எப்படி வந்தார்கள் என்ற கேள்வி எழும். ஒரு திட்டத்தின் கண்ணியத்தைக் காப்பது எளிதன்று அம்மா."

இதற்குத்தான் அன்று மிக நீண்ட கைதட்டல் கிடைத்தது.

திரும்பும் பேருந்தில் ஜோதி மேரி அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். சிறிது தூரம் போனபின் காதோடு சொன்னாள்: "கல்யாணம்னு வந்தாரே, அந்த அண்ணனுக்கு நேத்து சாயங்காலமே செஞ்சிட்டேம்மா. ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காரு. ரிஜிஸ்தர்ல மட்டும் ஏத்தல."

"நீ செஞ்சதுதாம்மா வேல," என்றாள் லோகநாயகி. சால்வையின் ஓரத்தால் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து வெயிலை மறைத்தாள். "கேக்குறது தப்பில்ல. எல்லாரையும் கேளு. அந்த மீசைக்காரனையும் கேளு. என்னையும் கேளு."

"கேட்டா செஞ்சுக்குவீங்களா?"

"அது நீ கேக்குறப்ப."

புதுச்சத்திரம் வரை அவள் நிம்மதியாக இருந்தாள். மறுக்கத் தெரியாத முகம். அவ்வளவுதான். பாவம், எவ்வளவு பொருத்தமான சொல்! காய்காரன் அழுகிய கத்திரிக்காயைத் தள்ளிவிட்டாலும் வாங்கி வருவார். கிடங்கில் அடுத்தவர் வேலையையும் இவர் தலையில் கட்டுவார்கள். யார் என்ன கேட்டாலும் 'சரி' என்பார்.

ஆலப்பாக்கம் வந்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

யார் என்ன கேட்டாலும்?

முன்வராத மனிதர் என்பது ஒரு காவலாகத்தான் இத்தனை காலம் இருந்தது. ஆனால் முன்வராவிட்டால் என்ன? கேட்டால் போதுமே. அரசாங்கமே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. ஒரு முந்திரிக் கிடங்கில் ஈராண்டுகளாக எதிரே அமர்ந்திருப்பவளுக்குக் கேட்கத் தெரியாதா?

அவள் வீட்டில் நுழைந்தபோது சுப்பராயலு தாமே சோறு வடித்து, ரசம் வைக்க முயன்று, தோல்வியுற்றிருந்தார். அவருடைய கண் சால்வையின்மேல் விழுந்தது.

"இது யாரு போத்துனது?"

"கண்ணாயிரம்னு ஒரு ஆபீசரு."

"அவரு எதுக்கு உனக்குப் போத்துறாரு?" குரலில் இதுவரை கேட்டிராத ஒரு கரகரப்பு. "எவ்வளவு வயசு இருக்கும்?"

வேறொரு நாளாக இருந்தால் லோகநாயகி அந்தக் கரகரப்பை எடுத்து வைத்து ஒரு வாரம் அனுபவித்திருப்பாள். இன்று அதற்கு நேரமில்லை. அவர் எதிரில் அமர்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உண்மையச் சொல்லணும். அந்த அமிர்தம் உங்கள எதுனா கேட்டிருக்காளா?"

சுப்பராயலு யோசித்தார். மறைக்கத் தெரியாதவர்களின் யோசனை முகத்திலேயே நடக்கும்.

"கேட்டுச்சு. போன மாசம். வீட்டுல நண்டுக் குழம்பு, மத்தியானம் வந்து சாப்புட்டுட்டுப் போங்கன்னு கூப்புட்டுச்சு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"வேணாம்னுட்டேன்."

லோகநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. உலகமே மறுக்கத் தெரியாதவர் என்று முத்திரை குத்திய மனிதர், மறுக்க வேண்டிய ஒரே இடத்தில் மறுத்திருக்கிறார். மாவட்டத் திட்ட அலுவலருக்குத் தெரியாத ஒரு முகம் அவருக்கு இருக்கிறது. அது அவளுக்கு மட்டுமே உரியது. சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டாள். ரசத்தைத் தானே சரி செய்யலாமென எழுந்தாள். எழுந்தவள், கேட்க வேண்டாத ஒன்றை, அன்பு மிகுதியால் கேட்டுவிட்டாள்.

"ஏன் வேணாம்னீங்க?"

சுப்பராயலு கன்னத்தைத் தடவிக்கொண்டார். வீக்கம் முழுவதும் வடிந்திருந்தது.

"நண்டு ஓட்ட எப்படிக் கடிக்கிறது லோகா? அப்பப் பல்லு வலி."